செயலாளரின் ஏழு மணி ஊசி

கெலுகோர் வட்டாரத்தில் இந்தியர் சங்கங்கள் மொத்தம் எத்தனை என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடிந்ததில்லை. எண்ணி முடிப்பதற்குள் ஏதாவதொன்று இரண்டாகப் பிரிந்துவிடும். அவற்றில் ஒன்றுக்கு, பெயரை முழுதாகச் சொன்னால் மூச்சு வாங்கும் ஒரு நற்பணிச் சங்கத்துக்கு, லோகேஸ்வரன் இருபத்திரண்டு வருடங்களாகச் செயலாளர். தலைவர்கள் ஐந்து பேர் மாறினார்கள், செயலாளர் மட்டும் மாறவில்லை. தன்னுடைய திறமைதான் காரணம் என்று அவர் நம்பியிருந்தார். அந்த வேலைக்கு வேறு யாரும் வர மாட்டேன் என்கிறார்கள் என்பது மற்றவர்களின் அபிப்பிராயம்.

பல்கலைக்கழகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். கடிதம் எழுதுவார், கூட்டக் குறிப்பு எழுதுவார், நாற்காலி அடுக்குவார். ஆனால் அவருடைய உண்மையான வேலை மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டப வாசலில் நிற்பது. எந்த விழாவானாலும் சிறப்பு விருந்தினர் ஒருவர்தான். ஒரு டத்தோ, அரசாங்கப் பட்டம் வாங்கியவர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், சொல்லாவிட்டால் இன்னும் கோபித்துக்கொள்வார் என்பதால் டத்தோ என்றே வைத்துக்கொள்வோம்.

சங்கத்து விழாக்களுக்கு மூன்று நேரங்கள் உண்டு. அழைப்பிதழில் போடும் நேரம் ஆறு மணி. ஜனங்கள் வரும் நேரம் ஏழு. டத்தோ வரும் நேரம் எட்டரை. இந்த மூன்றுக்கும் நடுவே எப்படிக் காலத்தை ஓட்டுவது என்பதில் லோகேஸ்வரனை மிஞ்ச ஆளில்லை. டத்தோவின் உதவியாளர் கைப்பேசியில் “கெளம்பிட்டோம்” என்றால் டத்தோ இன்னும் குளிக்கவில்லை என்று பொருள். “பாலத்துல இருக்கோம்” என்றால் பாலத்துக்கு அந்தக் கரையில், பட்டர்வொர்த்தில், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். “கெலுகோர் வந்துட்டோம்” என்றால்தான் பாலத்தில் ஏறியிருக்கிறார். இதையெல்லாம் கணக்குப் போட்டு, மாலைக்கு எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பதைக்கூட அவர் அறிந்து வைத்திருந்தார்.

எத்தனையோ பேருக்குப் பொன்னாடையை மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர் தோளில் ஒன்றுகூட விழுந்ததில்லை. எனக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது என்று அடிக்கடி சொல்வார். சொல்லும்போது பார்வை பொன்னாடைப் பெட்டியின் மேலேயே இருக்கும்.

அவர் மனைவி துளசி, ஜுருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடர். காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலை பஸ் வாசலில் ஹாரன் அடிக்கும். ஓவர்டைம் முடிந்து பாலம் தாண்டி வீடு வந்து சேர இரவு எட்டாகும். அந்நேரம் கணவர் ஏதாவதொரு வாசலில் மாலையோடு நின்றுகொண்டிருப்பார். முப்பத்தொரு வருடக் கல்யாணத்தில் இருபத்திரண்டு இப்படியே ஓடிவிட்டது. சண்டை சச்சரவு இல்லாத தம்பதி என்று ஊரில் நல்ல பெயர். சண்டை போடுவதென்றால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டுமே!

வீட்டில் எந்நேரமும் இருந்தது பூனை மட்டும்தான். மகள் கல்யாணமாகிக் கோலாலம்பூர் போகும்போது, “கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்குங்கப்பா” என்று விட்டுப்போனது. கொஞ்ச நாள் ஏழு வருடமாகிவிட்டது. புஜாங் என்று பெயர். மலாயில் கல்யாணமாகாதவன் என்று அர்த்தம். கருத்தடை செய்த பூனைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. விழா முடிந்து லோகேஸ்வரன் கொண்டுவரும் மிச்சப் பிரியாணிக் கோழியைத் தின்று தின்று, தலையணைக்கு வால் முளைத்த மாதிரி ஆகிவிட்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துளசி பின்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள்.

“என்னாங்க, இங்க வந்து பாருங்க.”

பூனை ஒன்றுக்கிருக்கும் மணல் தட்டைச் சுற்றி எறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது.

“எறும்பு மொய்க்குது. தண்ணியும் வாளி வாளியா குடிக்குது. இளைச்சு வேற போச்சு. இனிப்புநீர்தான் இது.”

“பூனைக்கு ஏது இனிப்புநீர்? அது என்ன, மாமாக் கடையில உக்காந்து இனிப்பா தே தாரிக்கா குடிக்குது? உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியும்லா,” என்றாள் துளசி. அவள் சொன்ன விதத்தில் ஒரு சங்கதி இருந்தது. லோகேஸ்வரன் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் நடக்கவிருந்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் அவர் கையில் இருந்தது.

ஆனாலும் பூனையைப் சந்தைக்குப் போகும் பசார் கூடையில் போட்டு மோட்டார் சைக்கிளில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். டாக்டர் நஸீஹா இளம் வயதுக்காரர், தமிழ் பேசினார். புஜாங்கின் காது நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து மெஷினில் வைத்துப் பார்த்தார்.

“இருபத்தெட்டு இருக்கு, அங்கிள்.”

“பாஸா, டாக்டர்?”

“பத்துக்குக் கீழ இருந்தா நல்லாருக்கும். இன்சுலின் போடணும். காலையில ஏழு, சாயந்திரம் ஏழு. சாப்பிட்ட உடனே. தினமும்.”

லோகேஸ்வரன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஏழுன்னா... ஒரு எட்டரைக்குள்ள போட்டா போதுமா?”

“ஏழுன்னா ஏழு, அங்கிள். அரை மணி முன்ன பின்ன போனா பரவால்ல. அதுக்கு மேல வேணாம்.”

இருபத்திரண்டு வருடப் பொதுவாழ்வில் இப்படியொரு வாக்கியத்தை அவர் காதால் கேட்டதில்லை. எந்தச் சிக்கலுக்கும் டத்தோவுக்கு ஒரு கடிதம் எழுதிப் பழகிய கை. அந்தக் கை மேசை மேலிருந்த மருந்துப் புட்டியையும் சிவப்பு மூடி போட்ட ஊசிகளையும் கண்டதும் சட்டைப் பைக்குள் போய் ஒளிந்தது. சங்கத்தின் இரத்ததான முகாமுக்கு வருடா வருடம் வரவேற்புரை ஆற்றிவிட்டு, ஊசியை எடுக்கும்போது கார் நிறுத்துமிடத்தை ஒழுங்குபடுத்தப் போய்விடும் மனிதர் அவர்.

டாக்டர் நஸீஹா பொறுமையாகக் காட்டினார். பிடரித் தோலை விரலால் தூக்கினால் சின்னக் கூடாரம் மாதிரி நிற்கும். அதன் அடியில் ஊசியைச் செருக வேண்டும். “மருந்தக் குலுக்காதீங்க, கையில வச்சு உருட்டுங்க. இந்த ஊசியத் தவிர வேற ஊசியில போடாதீங்க, அளவுக் கோடு வேற. சாப்பிடலன்னா போடாதீங்க. போட்டமா இல்லயான்னு சந்தேகம் வந்தா, ரெண்டாவது தடவ போடாதீங்க. நடை தள்ளாடுனா ஈறுல தேன் தடவிட்டு எனக்குப் ஃபோன் பண்ணுங்க. வீட்ல யாருக்காவது இன்சுலின் போட்டுப் பழக்கம் இருக்கா?”

“எங்க வீட்ல அதெல்லாம் யாருக்கும் இல்லீங்க,” என்றார் லோகேஸ்வரன் பெருமையாக.

வீட்டுக்கு வந்து மருந்தைக் குளிர்பெட்டியில் வைக்கக் கதவைத் திறந்தவர், முட்டை வைக்கும் பள்ளத்தில் நீல நிறத்தில் நான்கு தடித்த பேனாக்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்தார்.

“துளசி, பேனாவ எதுக்கு ஐஸ்பெட்டியில வச்சிருக்க? மை உறைஞ்சிடாது?”

துளசி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “அது எழுதுற பேனா இல்ல. இன்சுலின்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான். ரெண்டு வருஷமா போட்டுக்கிறேன். மாத்திரை பத்தலன்னு கிளினிக்ல மாத்தி விட்டாங்க. அன்னிக்கே வந்து சொன்னேன். கூட்டம் முடிஞ்சு வந்து பேசலாம்னு சொல்லிட்டுப் போனீங்க.” ஒரு துண்டை உதறி மடித்தாள். “அந்தக் கூட்டம் இன்னும் முடியல போலருக்கு.”

லோகேஸ்வரன் முகத்தில் ஈயாடவில்லை. குளிர்பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றார். வெட்கமாக இருந்தது, நிஜமான வெட்கம். அது கிட்டத்தட்ட ஒரு கால் மணி நேரம் நீடித்தது. பிறகு சங்கத் தலைவர் ராமதாஸிடமிருந்து அழைப்பு வந்தது. நாற்காலி வாடகை சம்பந்தமாக.

பூனைக்கு ஊசி போடும் பொறுப்பு அவர் தலையில்தான் விழுந்தது. காலை ஏழுக்குத் துளசி ஜுருவில் இருப்பாள், மாலை ஏழுக்கும் ஜுருவில்தான் இருப்பாள். ஓய்வு பெற்றவர் அவர் ஒருவர்தான். முதலில் ஒரு ஆரஞ்சுப் பழத்தில் பழகினார். ஆரஞ்சு கடிக்கவில்லை, ஓடவில்லை, கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளவில்லை. நன்றாக வந்துவிட்டது என்று நினைத்துப் புஜாங்கை மடியில் உட்கார வைத்து, “பயப்படக் கூடாது. இது உன்னோட நன்மைக்காகச் செய்றது” என்று ஒரு சிற்றுரை நிகழ்த்தினார். உரை நீண்டது. பூனை சங்கத்து உறுப்பினர் இல்லையே, பாதியிலேயே எழுந்து போய்விட்டது.

இரண்டாம் நாள் பிடித்தார், போட்டார். மருந்து தோலின் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வெளியே வந்து ரோமத்தை நனைத்தது. மூன்றாம் நாள் பழக்க தோஷத்தில் புட்டியை இருமல் மருந்து மாதிரி குலுக்கிவிட்டார், ஊசி முழுக்க நுரை. நான்காம் நாள் கண்ணை மூடிக்கொண்டு போட்டதில் தன் கட்டைவிரலிலேயே குத்திக்கொண்டார். இரத்ததான முகாமில் இருபத்திரண்டு வருடமாகத் தப்பிய சொட்டு அன்று கொஞ்சம் கசிந்தது.

ஞாயிற்றுக்கிழமை துளசி கதவோரம் நின்று பார்த்தாள்.

“அதப் பிடிச்சு ஏன் மல்லுக்கட்டுறீங்க? சோத்துல வாய் வச்சிருக்கப்ப போடுங்க. அது கவனம் அங்க இருக்கும்.”

“உனக்கு யாரு கத்துக்கொடுத்தா?”

“கிளினிக்ல ஒரு நர்ஸ் மிஸ்ஸி அஞ்சு நிமிஷம் காட்டுனாங்க. வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல ஒரு மணி நேரம் கையில பிடிச்சிக்கிட்டே உக்காந்திருந்தேன். அப்புறம் போட்டுக்கிட்டேன். வேற யாரு போடுவா?”

லோகேஸ்வரன் ஊசியை எடுத்தார். குனிந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த புஜாங்கின் பிடரியைத் தூக்கினார். ஊசி இறங்கியது. பூனை தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அன்றிலிருந்து வேலை பிடிபட்டது. சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புப் புத்தகம் ஒன்றில் பாதிப் பக்கங்கள் காலியாக இருந்தன. அதில் பதியத் தொடங்கினார். வேறு நடையில் எழுத அவருக்குத் தெரியாது. “காலை 7.02. உணவு பரிமாறப்பட்டது. ஒரு யூனிட் முன்மொழியப்பட்டது. புஜாங் ஆட்சேபம் தெரிவித்தது. ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டு ஊசி நிறைவேறியது.” ஒரு மாதம் கழிந்தபின் வந்த குறிப்பு: “மாலை 6.58. ஏகமனதாக நிறைவேறியது.”

அவருக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம் வேறு. மாலை ஆறே முக்காலுக்குப் பூனை சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்து, தெருவில் அவருடைய மோட்டார் சத்தத்துக்குக் காதைத் திருப்பும். இத்தனை காலமும் காத்திருந்தது அவர். அவருக்காக ஒரு ஜீவன் காத்திருப்பது இதுதான் முதல் முறை. அது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சிக்கல் சங்கத்தில் ஆரம்பித்தது. செயலவைக் கூட்டம் ஆறு மணிக்கு என்று அறிவித்து, வழக்கம்போல் ஆறு நாற்பதுக்கு நாலு பேர் உட்கார்ந்து டத்தோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். லோகேஸ்வரன் எழுந்தார்.

“எங்க செயலாளரே? இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே?” என்றார் தலைவர் ராமதாஸ்.

“ஊசி போடணும், தலைவரே. ஏழு மணிக்கு.”

ராமதாஸ் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைக் கீழே வைத்தார். “இன்சுலினா?”

“ஆமா. பூ...” என்று தொடங்கியவர், அதற்குள் ராமதாஸ் எழுந்து வந்து தன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டதால் நிறுத்திக்கொண்டார். பொருளாளர் மீரா சாகிப் கண் கலங்கினார். “இவ்ளோ நாளா சொல்லவே இல்லியேண்ணே! ஒடம்ப வச்சுக்கிட்டு இந்த ஓட்டம் ஓடியிருக்கீங்களே!” என்றார். இருபத்திரண்டு வருடத்தில் சங்கத்தார் அவரை நிமிர்ந்து பார்த்தது அன்றுதான். அந்தப் பார்வைக்கு முன்னால் பூனை என்ற சொல்லைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. மனிதன் தன் நோய்க்காகக் கூட்டத்திலிருந்து எழுந்து போகலாம், பூனையின் நோய்க்காக எழுந்து போனால் அடுத்த தேர்தலில் செயலாளர் பதவி போய்விடும்.

சொல்லாமல் விட்டதற்குத் தண்டனை உடனே கிடைத்தது. எந்தக் கூட்டத்திலும் அவர் முன்னால் மட்டும் தே ஓ கோசோங் என்ற கறுப்புத் தேநீர் வந்தது, சீனி துளியும் இல்லாமல். மற்றவர்கள் கேசரி சாப்பிட, அவருக்கு மீரா சாகிப் தன் வீட்டிலிருந்து பாகற்காய்ச் சாறு கொண்டுவந்து கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். லோகேஸ்வரனுக்கு இனிப்பு என்றால் உயிர். உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் உலகத்தில் பாகற்காய்ச் சாறு குடித்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இந்த லட்சணத்தில் சங்கம் ஒரு விழா எடுக்கத் தீர்மானித்தது. இனிப்புநீர் விழிப்புணர்வு விழா. சிற்றுண்டி: கேசரி, லட்டு, ரோஸ் சிரப்பு.

“நம்ம செயலாளர மேடையில ஏத்துவோம்,” என்றார் ராமதாஸ். “நூறு நாளா ஒரு ஊசியும் தவறவிட்டதில்ல. ஏழு மணின்னா எந்திரிச்சுப் போறாரு. டத்தோ கையால பொன்னாடை. இனிப்புநீரை வென்ற செம்மல்னு ஒரு விருது.”

லோகேஸ்வரன் மறுக்க வாயைத் திறந்தார். பொன்னாடை என்ற வார்த்தை உள்ளே போய் வாயை மூடிவிட்டது.

அழைப்பிதழைத் தட்டச்சு செய்தவரும் அவர்தான். “மாலை 6.00” என்று அடித்தபோதுதான் உறைத்தது. டத்தோ எட்டரைக்கு வருவார். ஏழு மணி ஊசியைத் தவறவிடாததற்கான விருதை வாங்க வேண்டுமானால், ஏழு மணி ஊசியைத் தவறவிட்டாக வேண்டும்.

துளசியிடம் அழைப்பிதழைக் கொடுத்துக் கெஞ்சினார். “அன்னிக்கு ஒரு நாள் நீ சீக்கிரம் வந்து புஜாங்குக்குப் போட்டுடுறியா?”

துளசி அழைப்பிதழை வாசித்தாள். மெதுவாக, ஒரு வரி விடாமல்.

“இனிப்புநீரை வென்ற செம்மல். யாரு, நீங்களா?”

“அது ஒரு சின்ன கொழப்பம்லா. அப்புறமா சரி பண்ணிடலாம்.”

“பரவால்ல. நம்ம வீட்ல யாருக்காவது கெடச்சா சரி.” அழைப்பிதழை மடித்துக் கொடுத்தாள். “நான் லீவு போட்டுட்டு மண்டபத்துக்கு வரேன். உங்களுக்கு மொதப் பொன்னாடை, பாக்க வேணாமா?”

அவள் கிண்டல் செய்கிறாளா, நிஜமாகச் சொல்கிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அவர் வீட்டில் இருந்ததில்லை.

விழா நாள் வந்தது. டத்தோவுக்கு எட்டு மணிக்கு வேறொரு நிகழ்ச்சி இருப்பதால் ஆறரைக்குச் சரியாக வந்துவிடுவார் என்று உதவியாளர் சத்தியம் செய்தார். லோகேஸ்வரன் அதை நம்பினார். ஆசை வந்தால் அனுபவமெல்லாம் மறந்துவிடுகிறது. வீடு பத்து நிமிடத் தூரம். ஆறே முக்காலுக்குள் பொன்னாடையை வாங்கிக்கொண்டு கிளம்பினால் ஏழுக்குள் வீடு.

ஆறரைக்குத் தொலைபேசி வந்தது. “பாலத்துல இருக்கோம்.”

லோகேஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்தார். டத்தோ இப்போதுதான் பொத்தான் போடுகிறார்.

“ஏன் மொகம் இப்படி இருக்கு?” என்றார் ராமதாஸ். “ஊசி நேரம் வந்துடுச்சா? கையில கொண்டாந்திருப்பீங்கல்ல? மேடையிலயே போட்டுக் காட்டுங்களேன். ஜனங்களுக்கும் விழிப்புணர்வு, டத்தோ வர்ற வரைக்கும் நேரமும் ஓடும். படம் நல்லா வரும்.”

“இல்ல தலைவரே, அது...”

“கூச்சப்படாதீங்க. சரி, போய்ப் பேசவாவது பேசுங்க.” மாலையோடு சேர்த்து அவரை மேடைப் படியில் ஏற்றிவிட்டார்.

ஒலிவாங்கி முன்னால் நின்றால் லோகேஸ்வரனுக்கு வாய் தானாக ஓடும். கட்டுப்பாடு பற்றிப் பேசினார். நேரம் பற்றிப் பேசினார். “ஏழுன்னா ஏழு!” என்று விரலை உயர்த்தினார். கைதட்டல் எழுந்தது. நோயாளியின் மனத்துணிவு பற்றிப் பேசத் தொடங்கியபோது, பக்கவாட்டில் மகளிர் பகுதியினர் கேசரிப் பொட்டலங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் வரிசையில் துளசி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பக்கத்தில் இருந்தவர்களின் முழங்காலில் இடிக்காமல் ஒதுங்கி, மண்டபத்தின் பின்னால் இருக்கும் கழிவறைப் பக்கம் நடந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் மேடையில் நிற்கும் நோயாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லோகேஸ்வரனுக்கு அவள் எங்கே போகிறாள் என்று தெரிந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும். பேனா அந்தக் கைப்பையில் இருக்கிறது. ஜுருவிலும் இப்படித்தான் எழுந்து போயிருப்பாள், கழிவறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நின்றபடியே போட்டுக்கொண்டிருப்பாள், தினமும், இரண்டு வருடமாக. பூனையின் மணல் தட்டில் எறும்பைப் பார்த்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர், இவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பேச்சு நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் மேடையில் வார்த்தை இல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

“ஒரு திருத்தம் இருக்கு,” என்றார் கடைசியில். கூட்டக் குறிப்பு வாசிக்கும் குரல்தான் வந்தது. “முந்தின கூட்டங்கள்ல பதிவானதுல ஒரு தவறு இருக்கு. எனக்கு இனிப்புநீர் கெடையாது. ஏழு மணிக்கு ஊசி போடறது எங்க வீட்டுப் பூனைக்கு.”

மண்டபம் சிரித்தது. நல்ல நகைச்சுவை என்று முன்வரிசையில் ஒருவர் தொடையைத் தட்டினார்.

“நெசமாத்தான். எங்க வீட்ல இனிப்புநீர் இருக்கிற மனுஷி என் சம்சாரம். ரெண்டு வருஷமா தனக்குத்தானே ஊசி போட்டுக்கிறா. அவளும் ஒரு நாளும் தவறவிட்டதில்ல. அது எனக்கே ரொம்ப நாளா தெரியாது. நான் அந்த நேரத்துல இங்க வாசல்ல மாலையோட நின்னுக்கிட்டு இருந்தேன்.” கடிகாரத்தைப் பார்த்தார். “மணி ஆறு அம்பத்தாறு. பூனை காத்துக்கிட்டு இருக்கும். டத்தோ வந்தா சொல்லிடுங்க.”

இறங்கி வந்து மாலையை ராமதாஸ் கையில் வைத்தார். ராமதாஸ் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் விழித்தார், மாலையைப் பிடித்துப் பழக்கமில்லை, வாங்கித்தான் பழக்கம். மீரா சாகிப் மட்டும், “அப்ப பாவக்கா ஜூஸ்?” என்றார், நெஞ்சு உடைந்த குரலில்.

வெளியே மோட்டார் பக்கத்தில் துளசி நின்றுகொண்டிருந்தாள். மண்டபத்துக் கழிவறைச் சுவரிலும் ஒலிபெருக்கி மாட்டியிருக்கிறார்கள்.

“போட்டுக்கிட்டியா?” என்றார்.

“எங்க? உள்ள நொழைஞ்சு பேனாவ எடுக்கறதுக்குள்ள என் கதையத் தொறந்துட்டீங்க. வீட்ல போய்ப் போட்டுக்கிட்டு சாப்பிட்டுக்கிறேன். வண்டிய எடுங்க, அது காத்துக்கிட்டு இருக்கும்.”

மண்டப வாசலில் அவர்கள் திரும்பவும், டத்தோவின் கறுப்புக் கார் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் ஒரு மணி நேரம் மட்டுமே தாமதமாக வந்திருந்தார். தன்னை எதிர்கொண்டு அழைக்கத்தான் செயலாளர் மோட்டாரில் வருகிறார் என்று நினைத்து, கண்ணாடியை இறக்கிக் கையசைத்தார். லோகேஸ்வரனும் கையசைத்தார். நிறுத்தவில்லை.

வீட்டில் புஜாங் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டில் வாய் வைத்தது. பிடரித் தோல் கூடாரமாக எழுந்தது, ஊசி இறங்கியது. ஏழு பத்து.

துளசி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தாள். லோகேஸ்வரன் ஊசியின் மூடியைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“நான் போடட்டுமா?”

“பிடரியப் பிடிச்சுத் தூக்குவீங்களா?”

“இல்ல. நீ சொல்ற எடத்துல.”

துளசி பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சட்டையின் ஓரத்தை இடுப்புக்கு மேலே தூக்கினாள்.

“பதினாறு வரைக்கும் திருகுங்க.”

“பதினாறா! புஜாங்குக்கு ஒண்ணுதானே?”

“புஜாங் ஒங்களக் கட்டிக்கலையே.”

இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. அழுத்தினார், அவள் சொன்னபடி பத்து எண்ணினார், எடுத்தார். “வலிச்சுதா?” என்று கேட்டார். “இல்ல” என்றாள் துளசி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோற்றுப் பானையை எடுக்க எழுந்தாள்.

லோகேஸ்வரன் பழைய கூட்டக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதினார். “மாலை 7.10. புஜாங். ஒரு யூனிட். மாலை 7.18. துளசி. பதினாறு யூனிட். வருகை: மூவர்.”

துளசி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எழுதும் பேனாவை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே தன் கையால் ஒன்று சேர்த்தாள்.

“தாமதம்: செயலாளர். இரண்டு வருடம்.”

லோகேஸ்வரன் அதை இரண்டு தடவை படித்தார். திருத்தம் ஏதும் சொல்லாமல் கீழே கையெழுத்துப் போட்டார்.